நிற்கும் குதிரையா, ஆடும் குதிரையா?

சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டு மாடி அறையில் ஒரு சில்வர் ஓக் பலகை மூன்று வாரமாகச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. இரண்டு துண்டுகளை ஒட்டி, 45 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்து, அதன்மேல் எலக்ட்ரிக் கிதாரின் உருவத்தைப் பென்சிலால் வரைந்தும் ஆயிற்று. ஏற்காட்டில் அக்கா வீட்டுக்காரர் வேலை பார்க்கும் காபித் தோட்டத்தில் நிழல் மரங்களைக் கழித்தபோது வந்த மரம் அது. இரண்டு வருடம் காயவைத்தோம். கழுத்தை ஆயத்தமாக வாங்கிவிட்டோம். ஒலியைப் பிடிக்கும் பிக்கப், கம்பியை முறுக்கும் ட்யூனிங் கீ எல்லாம் பெட்டியில் இருக்கின்றன. வேலை நகராததற்குக் காரணம் ஒரே ஓர் உறுப்பு: கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ். அக்கா மகன் டிரெமோலோ என்ற ஆடும் பிரிட்ஜ் வேண்டும் என்கிறான், நான் வேண்டாம் என்கிறேன். சனிக்கிழமைதோறும் கல்லூரியிலிருந்து நேராக வந்து, “மாமா, என்ன முடிவு?” என்று கேட்டு, மரத்தை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மலைக்கு பஸ் ஏறுகிறான்.

முதன்முறையாகக் கிதார் கட்டுகிற எவரும் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். அதனால் இரண்டு பக்கத்து நியாயத்தையும் எழுதி வைக்கிறேன். நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

வீணையும் வயலினும் வாசிப்பவர்கள் பிரிட்ஜைக் குதிரை என்பார்கள். கம்பிகள் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். கம்பியின் அதிர்வை உடலுக்குள் இறக்குவது அதன் வேலை. எலக்ட்ரிக் கிதாரில் ஒலியைப் பிடிப்பது பிக்கப்தான் என்றாலும், கம்பியின் நீளத்தையும் உயரத்தையும் முடிவு செய்கிற வேலை குதிரையிடமே இருக்கிறது. அதில் ஹார்ட்டெயில் என்பது மரத்தோடு திருகி இறுக்கியபின் அசையாமல் நிற்கும் குதிரை. டிரெமோலோ என்பது ஒரு கைப்பிடியை அழுத்தினால் முன்னும் பின்னும் சாய்ந்து ஆடும் குதிரை. அழுத்தும்போது கம்பிகள் தளர்ந்து சுருதி இறங்கும். விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். திரும்ப வேண்டும். திரும்புகிறதா என்பதுதான் வழக்கே.

பெயரிலேயே ஒரு கோளாறு உண்டு. 1954இல் ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராடோகாஸ்டர் கிதாரோடு வந்த இந்தப் பொறிக்கு அதன் நிறுவனர் லியோ ஃபெண்டர் 1956இல் காப்புரிமை பெற்றார். அந்தப் பத்திரத்திலேயே டிரெமோலோ என்றுதான் எழுதியிருக்கிறது. உண்மையில் டிரெமோலோ என்றால் ஒலியின் அளவு கூடிக் குறைவது. சுருதி ஏறி இறங்குவதற்குப் பெயர் வைப்ராட்டோ. அதே நிறுவனம் தன் ஆம்ப்ளிஃபயர்களில் ஒலி அளவை நடுங்கவைக்கும் வசதிக்கு வைப்ராட்டோ என்று பெயர் போட்டது. ஆக, இரண்டு பெயரும் இடம் மாறிப்போயின. எழுபது வருடமாக யாரும் திருத்தவில்லை. நம் சங்கீதத்தில் ஒரு ஸ்வரத்தை அசைத்து அசைத்து வாசிப்பதைக் கம்பிதம் என்கிறோம். டிரெமோலோ கைப்பிடி ஆறு கம்பிக்கும் ஒரே நேரத்தில் கம்பிதம் கொடுக்கிற கருவி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் குதிரை எப்படி ஆடுகிறது என்று தெரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகளில் முன்பு கொலுசு நிறுக்கும் சின்னத் தராசு இருக்குமே, அதைப் போன்றதுதான் இது. ஒரு தட்டில் கம்பிகள், மறு தட்டில் கிதாரின் முதுகுக்குள் ஒளிந்திருக்கும் ஸ்பிரிங்குகள். 10–46 அளவுள்ள (கம்பியின் கனம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) சாதாரணக் கம்பி செட்டை 648 மில்லிமீட்டர் நீளத்துக்கு முறுக்கிச் சுருதி சேர்த்தால் ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 47 கிலோ எடைக்கு இழுக்கும். மெல்லிய 9–42 செட் என்றால் சுமார் 38 கிலோ. மூன்று முதல் ஐந்து ஸ்பிரிங்குகள் அதே அளவுக்குப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டும் சரிசமமாக இருக்கும்வரை குதிரை நடுவில் மிதக்கும்.

தராசில் ஒரு குன்றிமணி போட்டாலும் முள் அசையும். மிதக்கும் டிரெமோலோவில் ஆறாவது கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் சிறிது இறங்கும். ஐந்தாவதைச் சரிசெய்தால் ஆறாவது மறுபடி இறங்கும். சுற்றிச் சுற்றி மூன்று நான்கு முறை வந்தால்தான் எல்லாம் ஓரிடத்தில் நிற்கும். பழகியவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. புதிதாகக் கற்கும் பையன் ட்யூனர் கருவியைப் பார்த்துக்கொண்டே அழுகிற நிலைக்கு வந்துவிடுவான்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் டிசம்பர் மாதம் ஏற்காட்டில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுக் கூட்டத்துக்கு இரவல் கிதாரோடு போனேன். மிதக்கும் டிரெமோலோ வைத்த கிதார். வெளியே பனி, உள்ளே கூட்டம், கீபோர்டு வாசித்தவர் பக்கத்தில். மூன்றாவது பாட்டின் நடுவில் பட்டென்று மூன்றாவது கம்பி அறுந்தது. அறுந்தால் என்ன, மீதி ஐந்தில் சமாளிக்கலாம் என்று அடுத்த கார்டை, அதாவது சேர்த்து மீட்டும் ஸ்வரக் கூட்டத்தை, போட்டேன். அது எந்தச் சுருதியிலும் இல்லை. அறுந்த கம்பியோடு ஏழரை கிலோ இழுவை போய்விட, ஸ்பிரிங்குகள் ஜெயித்து, மீதி ஐந்து கம்பியும் ஒன்றாக மேலே ஏறியிருந்தன. கீபோர்டுக்காரர் தலையைத் திருப்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. கிதாரின் ஒலியைக் குறைத்துவிட்டு வாசிப்பதுபோல் கையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றேன். ஹார்ட்டெயிலில் ஒரு கம்பி அறுந்தால் மற்றவை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த ராத்திரியிலிருந்து எனக்கு நிற்கும் குதிரை மேல் பாசம்.

பாசத்தை ஒதுக்கிவிட்டுப் பேசினால், அக்கா மகன் விஷயத்தில் இன்னொரு காரணம் இருக்கிறது. அவன் சிறு வயதில் ஆறு வருடம் வயலின் படித்தவன். கிதாரில் அவன் வாசிப்பது பாதி ராக், பாதி காதால் பிடித்த கீர்த்தனை. கீழ்க் கம்பிகள் இரண்டை ஷட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் இறக்கித் திறந்து ஒலிக்கவிட்டு, மேல் கம்பியில் தோடி ராகத்தின் காந்தாரத்தை இழுத்து அசைப்பான். கம்பியை விரலால் பக்கவாட்டில் இழுக்கும்போது அதன் விறைப்பு கூடுகிறது. ஹார்ட்டெயிலில் அந்தக் கம்பி மட்டும் ஏறும். மிதக்கும் டிரெமோலோவில் குதிரையே முன்னால் சாய்ந்து கொடுக்கும். காந்தாரம் ஏற ஏற, கீழே ஒலிக்கும் ஷட்ஜமம் இறங்கும். தம்புரா போடுகிறவர் பாடகரோடு சேர்ந்து தலையாட்டலாம், சுருதியும் சேர்ந்து ஆடினால் கச்சேரி என்னாவது? போதாக்குறைக்கு, குதிரை விட்டுக்கொடுப்பதால் அதே காந்தாரத்தை எட்ட விரல் இன்னும் அதிக தூரம் இழுக்க வேண்டியிருக்கும். கீழ்க் கம்பியை ஒரு ஸ்வரம் இறக்கி வைக்கிற வழக்கமே மிதக்கும் குதிரையோடு ஒத்துவராது. ஒன்றை இறக்கினால் மற்றவை ஏறிவிடும். கமகத்துக்கு ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) வைத்த மின்சார வாத்தியத்தில் விரலே போதும் என்பதை மாண்டலின் யூ. ஸ்ரீனிவாஸ் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

இதை அவனிடம் சொன்னபோது அவன் வாதாடவில்லை. என் இரண்டு கிதாரையும் எடுத்துக்கொண்டு தோட்டத்து வீட்டுத் திண்ணைக்கு வரச் சொன்னான். ஒன்று ஹார்ட்டெயில், மற்றது டிரெமோலோ. தோடி வாசித்துப் பார்த்தான். நான் சொன்னது நடந்தது, சிரித்துவிட்டான். பிறகு டிரெமோலோ கிதாரில் ஒரு முழுக் கார்டை மீட்டி, அது தேய்ந்துகொண்டே போகும்போது கைப்பிடியின் மேல் சுண்டுவிரலை வைத்து மெல்ல, மிக மெல்ல அழுத்தினான். ஆறு ஸ்வரமும் ஒன்றாகத் தாழ்ந்து எழுந்தன, நிறைந்த குடத்தில் தண்ணீர் தளும்புவதுபோல. காபிச் செடிகளுக்கு மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த நேரம். அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “இது எது, நன்றாக இருக்கிறதே?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. எத்தனை வருடம் பயிற்சி செய்தாலும் ஹார்ட்டெயிலில் அந்த ஒலி வராது. விரலால் ஒரு கம்பியை அசைக்கலாம், இரண்டை அசைக்கலாம், ஆறையும் ஒரே அளவில் தாழ்த்தி எழுப்ப முடியாது.

டிரெமோலோவின் நியாயம் இதுதான். 1969இல் வுட்ஸ்டாக் இசை விழா மேடையில் ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்காவின் தேசிய கீதத்துக்குள் குண்டு விழும் சத்தத்தைக் கொண்டுவந்ததில் அந்தக் கைப்பிடிக்குப் பங்கு உண்டு. இன்னொரு கிதார் கலைஞர் ஜெஃப் பெக் அதைக்கொண்டு பாடகரின் குரல் வளைவதுபோல மெட்டுகளை வாசித்தார். இந்த மாதிரி வாசிப்பைக் கேட்டுத்தான் ஒருவர் கிதார் பக்கமே வந்திருக்கிறார் என்றால், அவரிடம் போய் ஹார்ட்டெயிலின் ஒழுக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வது வீண்.

ஒலியின் தரத்தைப் பற்றிய சண்டையை நான் சீக்கிரம் தாண்டிவிடுகிறேன். ஹார்ட்டெயிலில் நாதம் அதிக நேரம் நிற்கும் என்பார்கள். நல்ல இரும்பு பிளாக் (குதிரையின் அடியில் ஸ்பிரிங்குகள் மாட்டும் கட்டி) வைத்த டிரெமோலோவுக்கும் நல்ல ஹார்ட்டெயிலுக்கும் இடையே என் காதுக்குத் தெரியும் வேறுபாடு மிகக் குறைவு. ஆனால் டிரெமோலோ கிதாரை ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் மீட்டிவிட்டுக் கம்பிகளை உள்ளங்கையால் நிறுத்திப் பாருங்கள். முதுகுக்குள் ஸ்பிரிங்குகள் சலங்கைபோல் சிறிது நேரம் ஒலித்துக்கொண்டிருக்கும். சிலருக்கு அது உயிர், சிலருக்கு எரிச்சல். பிடிக்காதவர்கள் ஒரு துண்டு ஸ்பாஞ்சை உள்ளே செருகுகிறார்கள்.

கட்டுகிறவனுக்கு முக்கியமானது மரத்தில் விழும் ஓட்டை. வாங்குகிறவர்கள் இதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. நாம் யோசித்தாக வேண்டும். ஹார்ட்டெயிலுக்குப் பெரிய குழி எதுவும் வேண்டாம். தகட்டைத் திருக நான்கைந்து திருகுத் துளை, கம்பிகள் உடலின் வழியே பின்னாலிருந்து வருவதானால் நேரான ஆறு துளை, அடியில் ஒரு மின்கம்பி நுழைய ஒரு சின்னத் துளை, அவ்வளவுதான். டிரெமோலோவுக்கு முதுகில் 16 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஸ்பிரிங் அறை வேண்டும். அந்த அறையிலிருந்து முன்பக்கம்வரை, இரும்பு பிளாக் ஆடுவதற்கு இடம் விட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீளத் துளை வேண்டும். முன்பக்கத்தில் பிக்கப் குழி எப்படியும் 16 முதல் 19 மில்லிமீட்டர்வரை இறங்கும். 45இல் இரண்டு பக்கமும் தோண்டியபின் நடுவில் எஞ்சுவது பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் மரம்.

நான் செய்த இரண்டாவது கிதாரில் இந்த நீளத் துளையில்தான் மாட்டிக்கொண்டேன். ப்ளைவுட்டில் அச்சு வெட்டி, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் மரத்தில் ஒட்டி, மரத்தைக் குடையும் ரவுட்டர் மெஷினை ஒரு தடவைக்கு ஐந்து மில்லிமீட்டராக இறக்கிக்கொண்டிருந்தேன். நான்காவது தடவை, சூட்டில் டேப் இளகி அச்சு நகர்ந்தது. கருகல் வாசனை வந்ததும் நிறுத்திவிட்டேன். அதற்குள் துளையின் முன் உதடு இரண்டு மில்லிமீட்டர் தின்னப்பட்டிருந்தது. ஆறு திருகுகள் நிற்க வேண்டிய இடம் அந்த உதட்டை ஒட்டியது. 47 கிலோ இழுவையும் அந்த விளிம்பில்தான் வந்து சாயும். மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. கடைசியில் அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து வேறு கட்டை பதித்தேன். வெளியே தெரியாது என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். தெரியும்.

சில்வர் ஓக் இழைப்பதற்கு இதமான மரம், எடையும் அதிகமில்லை, வெட்டிய முகத்தில் வலைப்பின்னல் போன்ற அழகான ரேகை ஓடும். திருகைப் பிடித்து நிறுத்துவதில் பலா மாதிரி வராது. வீணைக்குப் பலா என்று பெரியவர்கள் தேர்ந்தது சும்மா இல்லை. ஆனால் அந்த எடையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நிற்பது என் முதுகுக்கு ஆகாது. இப்போது வரும் டிரெமோலோக்களில் ஆறு திருகுக்குப் பதில் இரண்டு தடித்த தூண்கள் இருக்கும். அவை நிற்கும் குழாய்களை மென்மையான மரத்தில் அடித்து இறக்கினால், வருடக்கணக்கில் கம்பிகள் இழுத்து இழுத்து, தூண்கள் கழுத்துப் பக்கம் சாய்ந்துவிடும் ஆபத்து இருக்கிறது. அப்படியே டிரெமோலோ வைத்தாலும் தூண் நிற்கும் இடத்தில் தேக்கோ பலாவோ கட்டை பதித்துத்தான் செய்வேன்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவான ஹார்ட்டெயில் பெரும்பாலும் ஒழுங்காகவே வேலை செய்யும். கெட்டுப்போக அதில் அசையும் பாகம் இல்லை. மலிவான டிரெமோலோவில் துத்தநாகக் கலவையில் வார்த்த மெல்லிய பிளாக் இருக்கும், கைப்பிடி மாட்டும் மரை சீக்கிரம் தேயும், சாயும் விளிம்பு மழுங்கும். சேலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. லேத் பட்டறைக்குக் குறைவில்லாத ஊர் இது. பழைய பிளாக்கை மாதிரிக்குக் கொடுத்தால் இரும்பிலேயே கடைந்து துளையிட்டுத் தருவார்கள். கம்பியின் அடிக்குண்டு நுழைய அடியில் நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான துளை, அது உட்கார்ந்து நிற்க மேலே ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் துளை என்று படி வைத்துத் துளைக்கச் சொல்ல வேண்டும். ஒரே அளவில் துளைத்துக் கொடுத்துவிட்டால் கம்பி முழுதாக மேலே உருவிக்கொண்டு வரும். வாங்கும்போது கம்பிகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியையும் பாருங்கள். பழைய மாதிரியும் புது மாதிரியும் ஒன்றல்ல. கழுத்தின் அகலத்துக்குப் பொருந்தாவிட்டால் ஓரக் கம்பி ஃப்ரெட்டிலிருந்து நழுவும்.

சுருதி நிற்கவில்லை என்று டிரெமோலோவைத் திட்டுகிறவர்களில் பலருக்குக் குற்றவாளி மறுமுனையில் இருக்கிறது. கழுத்தின் தலைப்பில் கம்பிகள் உட்காரும் நட்டில் பள்ளம் இறுக்கமாக இருந்தால், கைப்பிடியை அழுத்தி விட்டபின் கம்பி வழியிலேயே சிக்கிக்கொள்ளும், முழுதாகத் திரும்பாது. பள்ளத்தைக் கம்பியின் கனத்துக்கு ஏற்ப அராவி, பென்சில் கரியைத் தேய்த்துவிட்டாலே பாதி நோய் தீரும். ட்யூனிங் கீயில் கம்பியை இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் சுற்றாமல் இருப்பது அடுத்த வைத்தியம். இவ்வளவும் ஹார்ட்டெயிலுக்கும் நல்லதுதான். செய்யாவிட்டாலும் ஹார்ட்டெயில் மன்னிக்கும்.

மலையைப் பற்றி அக்கா மகன் ஒரு கேள்வி கேட்டான். அவன் கிதார் வாராவாரம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போகும். கத்திரி வெயிலில் கீழே 40 டிகிரி காய்கிற ஊரிலிருந்து 1500 மீட்டர் உயரத்துக் குளிருக்கு. எது தாங்கும்? குளிரில் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும், ஈரக்காற்றில் கழுத்து மரம் ஊதி அசையும். நியாயமாகச் சொன்னால், மிதக்கும் குதிரை இந்த மாற்றத்தில் கொஞ்சத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும். கம்பி அதிகமாக இழுத்தால் அது சாய்ந்து கொடுக்குமே. மீதியைச் சரிசெய்வதில்தான் வித்தியாசம். ஹார்ட்டெயிலை பஸ்ஸிலிருந்து இறங்கி இரண்டு நிமிடத்தில் சேர்த்துவிடலாம். இன்னொன்று துரு. மூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் ஊரில் குதிரைமேல் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சேடில்களின் பொடித் திருகுகள் சீக்கிரம் இறுகிப்போகின்றன. டிரெமோலோவில் அவற்றோடு ஸ்பிரிங்குகள், அவை மாட்டும் தகடு, சாயும் விளிம்பு என்று துருவுக்கு இன்னும் நாலு இடம். மாதம் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் போடச் சோம்பல்படாதவனுக்கு இது ஒரு பொருட்டில்லை. அக்கா மகன் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டு நான் பார்த்ததில்லை.

நடுவழி ஒன்று இருக்கிறது, அதையும் பேசினோம். டிரெமோலோவை மிதக்கவிடாமல், ஸ்பிரிங்குகளை அதிகமாக இறுக்கித் தகடு உடலின் மேல் படிந்து உட்காரும்படி வைத்துவிடுவது. அப்போது கைப்பிடியைக் கீழே மட்டும்தான் அழுத்த முடியும். ஆனால் கம்பியை அளவாக இழுத்தால் குதிரை எழும்பாது, ஒன்று அறுந்தாலும் மற்றவை பெரிதாக மாறாது. கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் இன்னும் ஒரு படி மேலே போனார்: ஐந்து ஸ்பிரிங்கும் மாட்டி, பிளாக்குக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டையை அடித்துச் செருகி, ஆடும் குதிரையை நிற்கும் குதிரை ஆக்கிவிட்டார். ஆயத்தமாக ஸ்ட்ராடோகாஸ்டர் வாங்குகிறவருக்கு இது அருமையான வழி. புதிதாகக் கட்டுகிறவன் இவ்வளவு குழி தோண்டி, பிறகு அதில் கட்டை அடித்து மூடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாறாக, ஹார்ட்டெயில் வைத்த உடலைப் பின்னொரு நாள் டிரெமோலோவுக்குத் தோண்டலாம். கம்பி வரும் ஆறு துளைகளும் பெரும்பாலும் அந்த நீளத் துளைக்குள்ளேயே அடங்கிப் போய்விடும்.

மற்ற வகைகளை அவன் கேட்டான், நான் ஒதுக்கினேன். ஃபிளாய்டு ரோஸ் என்பது நட்டிலும் குதிரையிலும் கம்பியைப் பூட்டிவிடும் டிரெமோலோ. எவ்வளவு ஆட்டினாலும் சுருதி திரும்பும். வீணையின் லங்கர் மாதிரி குதிரையிலேயே நுண்சுருதித் திருகுகள் இருக்கும். ஆனால் கம்பி மாற்ற ஆலன் சாவியும் அரை நாளும் வேண்டும், கழுத்தின் தலைப்பையும் அதற்காக வெட்ட வேண்டும். முதல் கிதாருக்கு வேண்டவே வேண்டாம். பிக்ஸ்பி வகை டிரெமோலோ மரத்தைத் தோண்டாமல் மேலேயே உட்காரும், பார்க்க அழகு, எடை அதிகம், ஆட்டம் குறைவு. கிப்சன் நிறுவனத்தின் டியூன்-ஓ-மேட்டிக் நிற்கும் குதிரைதான், ஆனால் உயரமானது. கழுத்தைச் சில டிகிரி பின்னால் சாய்த்துப் பொருத்த வேண்டும். எங்கள் கழுத்து சமதளத்தில் திருகுவது.

போன சனிக்கிழமை அவன் வந்தபோது கேள்வி கேட்கவில்லை. கையில் ஹார்ட்டெயில் தகடு இருந்தது. தோடிக்காகவா, எண்ணெய் போடும் வேலைக்குப் பயந்தா என்று நான் விசாரிக்கவில்லை. உடனே கழுத்தை அதன் குழியில் வைத்துப் பிடித்து, கழுத்தின் இரு ஓரத்திலிருந்தும் அம்மாப்பேட்டைத் தறி நூல் இரண்டை வாலடிவரை இழுத்துக் கட்டினோம். இரண்டு நூலுக்கும் சரிநடுவே மையக்கோடு. நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட்வரை 324 மில்லிமீட்டர், அதைப்போல் இன்னொரு மடங்கு, ஆக 648. முதல் கம்பியின் சேடிலை ஏறக்குறைய முன்னால் தள்ளி வைத்து அந்தக் கோட்டில் நிறுத்தினோம். தடித்த கம்பிகளின் சேடில்கள் சில மில்லிமீட்டர் பின்னால் போக வேண்டியிருக்கும், அதற்குத் திருகில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். அவன் மூன்று முறை அளந்தான். நான் இரண்டு முறை.

ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த பட்டறையில் நின்று துளைக்கும் டிரில்லிங் மெஷினில் ஆறு துளையும் போட்டோம். பாதி முன்னாலிருந்து, பாதி பின்னாலிருந்து. கைமெஷினில் போட்டால் பின்பக்கம் துளைகள் பல் விழுந்த வாய்போல் வரிசை தப்பும் என்று அவனுக்கு வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்து பலகையைத் திருப்பி, கம்பிக் குண்டுகள் உட்காரும் பித்தளைக் குப்பிகளை ஒவ்வொன்றாக அடித்தோம். நாலாவது குப்பி அரை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. நான் ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“விடுங்கள் மாமா, முதுகுப் பக்கம்தானே” என்று சொல்லிவிட்டு அவன் பஸ்ஸுக்குக் கிளம்பினான்.